ஒன்று புள்ளி எட்டு எட்டு மீட்டர்

புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கும்போது, புள்ளி டீச்சரின் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார் சர்வேயர். போட்டது அவருக்கே தெரியாது.

"மேடம், உங்க டிராக் நானூறு மீட்டர் இல்ல. நானூத்தி ஒண்ணு புள்ளி எட்டு எட்டு" என்றார், அளவு நாடாவைச் சுருட்டியபடி.

"இருக்காது. நான் அளந்தது."

அதற்கு மேல் பேச்சே இல்லை என்கிற தொனி. அந்தப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடமாக அவர்தான் கணக்கு டீச்சர், அவர்தான் ஓட்டப் பயிற்சியாளர். விடை பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டு என்று எழுதிய பிள்ளைக்கு முட்டை மார்க். 'ஏறக்குறைய' என்ற சொல்லை அவர் வகுப்பில் உச்சரித்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்று மிச்சப் பாடத்தைக் கேட்டார்கள். புள்ளி டீச்சர் என்ற பெயரை எந்த வருடத்துப் பிள்ளைகள் வைத்தார்களோ, இப்போது சக ஆசிரியர்களுக்கே அவருடைய நிஜப் பெயர் சட்டென்று ஞாபகம் வராது.

மண் மைதானத்தைப் பெயர்த்துவிட்டுப் புது ஓடுதளம் போடப் போகிறார்கள். அதற்கு அவர் பெயர். வெள்ளிக்கிழமை விழாவில் பெயர்ப் பலகை திறப்பு. சர்வேயர் வந்ததே புதுத் தளத்துக்கு அளவெடுக்கத்தான்.

"நீங்க அளந்ததுல தப்பு இல்ல மேடம்" என்று சமாதானமாகச் சொன்னார். "உள்பக்கம் செங்கல் வரிசை இருக்குல்ல, அதை ஒட்டி அளந்தா நூல் பிடிச்ச மாதிரி நானூறு வருது. ஆனா செங்கல் மேல யார் ஓடுவா? முப்பது சென்டிமீட்டர் தள்ளித்தானே கால் படும்? அதனால முப்பது தள்ளித்தான் அளக்கணும். அதுதான் விதி. விடுங்க, எப்படியும் உடைக்கத்தானே போறோம்."

டீச்சர் விடவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடியது. இரண்டு வளைவையும் சேர்த்தால் ஒரு முழு வட்டம். ஆரம் புள்ளி மூன்று மீட்டர் கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும்? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஒன்று புள்ளி எட்டு எட்டு.

சர்வேயரின் நாடாவும் அவருடைய மூளையும் ஒரே விடையைச் சொல்லின.

முதல் வருடம் தானே நட்ட முளைகள். ஒவ்வொரு வருடமும் அதே முளைகளைத் தேடிப் பிடித்து, அதே கோட்டில் சுண்ணாம்பு. வெளி மைதானங்களுக்குப் போனால் தன் பிள்ளைகள் எல்லோருமே கொஞ்சம் வேகமாக ஓடியது இப்போது ஞாபகம் வந்தது. 'போட்டின்னு வந்தா நம்ம பிள்ளைங்களுக்கு ரத்தம் சூடாயிடும்' என்று பெருமைப்பட்டிருக்கிறார். ரத்தமும் இல்லை, சூடும் இல்லை. அங்கே தூரம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

விளையாட்டு அறைக்குப் போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். வருடத்துக்கு ஒன்றாக முப்பத்து மூன்று நேரக் குறிப்பு நோட்டுகள். பதினோராவதை உருவினார். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

வெட்டுக்கிளி. நானூறு மீட்டர். அறுபது புள்ளி நான்கு.

காலை விறைப்பாக நீட்டித் தாவித் தாவி ஓடுவாள் என்பதால் வெட்டுக்கிளி. பதினேழு வயது. அந்த வருடம் விளையாட்டு விடுதியில் சேர அறுபது புள்ளி இரண்டு செகண்டுக்குள் ஓட வேண்டும். நேரத்தை அவரவர் பள்ளிப் பயிற்சியாளரே எடுத்துக் கையெழுத்திட்டு அனுப்பலாம். மழையில் வெளிப் போட்டிகள் எல்லாம் தள்ளிப்போக, கடைசித் தேதிக்கு முந்தின நாள் இந்த மைதானத்திலேயே ஓடினாள். அறுபது புள்ளி நான்கு. அன்றைய தலைமை ஆசிரியர், 'ரெண்டு புள்ளிதானே, குறைச்சுப் போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது' என்றார். டீச்சர் போடவில்லை. வெட்டுக்கிளிக்கு விடுதி கிடைக்கவில்லை. மைதானத்துக்கும் அவள் அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த நேர்மைதான் பிறகு பள்ளியின் பெருமைக் கதையாகி, வருடா வருடம் மேடையில் சொல்லப்பட்டது.

டீச்சர் பேனாவை எடுத்தார். அறுபது புள்ளி நான்கைச் சரியான நானூறுக்கு மாற்றினால் அறுபது புள்ளி ஒன்று ஒன்று சொச்சம். கையால் எடுத்த நேரம் என்றால் அடுத்த புள்ளிக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும்.

அறுபது புள்ளி இரண்டு.

அந்தப் பிள்ளை ஜெயித்திருந்தாள்.

* * *

"புள்ளி ரெண்டு செகண்டா?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி. தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மனைவியின் விழாவுக்காகச் சாம்பல் நிறக் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பெயர்ப் பலகையை மூடப் போகிற சிவப்பு வெல்வெட் திரையும் அவர் தைத்ததுதான். மடித்து மேஜையில் இருந்தது.

"புள்ளி ரெண்டு."

"நான் ஒரு தடவை தும்மினாலே அதை விட அதிகம் ஆகும்மா."

"நீங்க தும்மினா யாரோட வாழ்க்கையும் மாறாது."

அவர் பல்லால் நூலைக் கடித்தார். "சரி. வேணும்னு செஞ்சியா? இல்ல. யாராவது கண்டுபிடிச்சாங்களா? அந்த சர்வேயருக்கே அது பெரிய விஷயமாத் தெரியல. நிம்மதியா ரெண்டு நாளை ஓட்டிட்டு வந்து சேரு. எனக்குப் பொத்தானுக்குக் காஜா எடுக்க ஆள் தேவைப்படுது."

"ஒருத்தர் சட்டைக்கு அளவு தப்பா எடுத்துட்டீங்க. அவரும் அதைத்தான் போட்டுட்டுத் திரியறார். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு உங்களுக்குத் தெரிய வருது. என்ன பண்ணுவீங்க?"

"இருபத்திரண்டு வருஷத்துல அவருக்குத் தொப்பை விழுந்து தானா சரியாகியிருக்கும்" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கீழே வைத்தார். "கூப்பிட்டுச் சொல்லுவேன். வேற என்ன செய்ய?"

"அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் அறை. அவர் சின்ன வயதுக்காரர், எதற்கும் பதறுகிறவர். டீச்சர் சொல்லி முடித்ததும் முதல் காரியமாகக் கதவைச் சாத்தினார்.

"மேடம், பலகையில என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'துல்லியத்தின் மறுபெயர்.' கல்லுல வெட்டியாச்சு."

"தப்பான கல்லு."

"என்னோட பேச்சே அந்த அறுபது புள்ளி நாலு கதைதான் மேடம்! மூணு பக்கம்!"

"கதை நல்ல கதைதான் சார். கடைசி வரியில விடை தப்பு."

"நாளைக்குப் பழைய மாணவங்க நானூறு பேர் வர்றாங்க..."

"எண்ணிட்டீங்களா?"

"ஏறக்குறைய..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முன்னூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

"அந்த முன்னூத்தித் தொண்ணூத்தி ரெண்டு பேர் முன்னாடி நான் இதைச் சொல்லப் போறேன். புது டிராக் சரியா அளந்து முடியற வரைக்கும் அந்தத் திரையைத் திறக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட நான் நேர்ல சொல்லணும். எனக்கு மூணாவது பீரியட் இல்ல. போயிட்டு வரேன்."

அவர் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார் என்பது தலைமை ஆசிரியருக்குக் கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது.

* * *

பேருந்து நிலையம் பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை. ஏழாம் எண் பேருந்தின் முன் சக்கரத்தைக் காலால் உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் வெட்டுக்கிளி. முப்பத்தொன்பது வயது. டிரைவர் சீருடை, மடித்துவிட்ட கை, நெற்றியில் ஏற்றிய கறுப்புக் கண்ணாடி.

"அக்கா, உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க. பாத்தா ஹோம்வொர்க் கேக்கற மாதிரியே இருக்கு" என்றான் கண்டக்டர்.

திரும்பிப் பார்த்தாள். "டீச்சர்! விழாவுக்கு அழைக்கவா வந்தீங்க? எனக்கு ட்யூட்டி. வர முடியாது."

"பத்து நிமிஷம் இருக்கா?"

"எட்டு இருக்கு."

"எட்டு போதும்."

டீச்சர் நோட்டைத் திறந்து காட்டினார். சுற்றி வளைக்கவில்லை. செங்கல், முப்பது சென்டிமீட்டர், ஒன்று புள்ளி எட்டு எட்டு, அறுபது புள்ளி இரண்டு. வகுப்பில் சொல்வது போலவே சொன்னார். சொல்லி முடித்தபோது நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது.

வெட்டுக்கிளி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு சிக்னல்லயும் நான் அந்தக் கடைசி வளைவை ஓடிப் பாப்பேன் டீச்சர்" என்றாள், தலை நிமிராமல். "சிவப்பு விழுந்தா ஸ்டார்ட். கையை இன்னும் கொஞ்சம் வீசியிருந்தா? தோளை இறக்கியிருந்தா? பச்சை விழறதுக்குள்ள ரெண்டு புள்ளியைப் புடிச்சிருவேன். இருபத்திரண்டு வருஷமா என் காலைத்தான் திட்டிட்டு இருக்கேன். என் பொண்ணு கேப்பா, 'எவ்வளவுலம்மா விட்டே?'ன்னு. இவ்வளவுலன்னு விரல் இடுக்கைக் காட்டுவேன். இப்ப போய் அவகிட்ட என்ன காட்டட்டும்?"

"தப்பு உன் கால்ல இல்ல. என் அளவுல."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"கேக்கறேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லவும் போறேன்."

வெட்டுக்கிளி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நீங்க மைக்ல சொல்வீங்க. அடடா, என்ன நேர்மைன்னு எல்லாரும் கண்ணைத் தொடைப்பாங்க. எழுந்து நின்னு கை தட்டுவாங்க. அன்னிக்கு நான் தோத்ததுக்கும் உங்களுக்குத்தான் கைதட்டல். இன்னிக்கு நான் ஜெயிச்சதுக்கும் உங்களுக்குத்தான் கைதட்டல். நல்லா இருக்கு டீச்சர்."

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்ப என்ன செய்யட்டும்? நீயே சொல்லு."

வெட்டுக்கிளி பேருந்தில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். இன்ஜின் உறுமியது. கண்டக்டர் விசில் கொடுத்தான். அப்போதுதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஓடுங்க."

"என்னது?"

"அந்த டிராக்ல ஒரு சுத்து. நான் எத்தனை நூறு சுத்து ஓடினேன்! நீங்க ஒரு தடவையாவது ஓடியிருக்கீங்களா? விசில்தானே ஊதினீங்க. ஒரே ஒரு தடவை, முழுசா, நானூத்தி ஒண்ணு புள்ளி எட்டு எட்டு. நான் டைம் எடுக்கறேன்."

"எனக்கு அறுபது வயசு. முட்டி வேற..."

"எனக்கு அன்னிக்குக் கணுக்கால் வீங்கியிருந்துச்சு. 'பினிஷ் லைன் நகராது, நீதான் நகரணும்'னு சொன்னீங்க."

டீச்சர் நோட்டை மூடினார். "எத்தனை மணிக்கு வருவே?"

"நாளைக்கு நாலு பத்துக்கு ஸ்டாண்டுக்கு வந்துருவேன். நாலு முப்பத்தஞ்சுக்கு அடுத்த டிரிப். முடிஞ்சா வரேன்."

பேருந்து கிளம்பியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை மைதானத்தில் பந்தல், மேடை, ஓரத்தில் சிவப்புத் திரை மூடிய பலகை. சாம்பல் நிறக் கோட்டில் டீச்சர் கம்பீரமாக இருந்தார். காலில் மட்டும் பழைய கேன்வாஸ் ஷூ.

"மேட்சிங்கே இல்ல. என் தொழிலுக்கு அவமானம்" என்று முதல் வரிசையிலிருந்து முணுமுணுத்தார் தையல்காரர்.

தலைமை ஆசிரியர் மூன்று பக்கத்தையும் ஒரே பக்கமாகச் சுருக்கியிருந்தார். ஆனாலும் பழக்க தோஷம், "அறுபது புள்ளி நாலு..." என்று ஆரம்பித்துவிட்டு, திரும்பி டீச்சரைப் பார்த்து அசடு வழிந்தார். டீச்சர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அந்தக் கதையில ஒரு திருத்தம் இருக்கு. சொல்றேன். ஒரே ஒரு நிபந்தனை. நான் முடிச்சதும் யாரும் கை தட்டக் கூடாது. தட்டினவங்க வெளிய நிக்கணும்."

சிரிப்பு எழுந்தது. அவர் சொல்லத் தொடங்கியதும் அடங்கியது. இரண்டே நிமிடம். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. யார் ஓடியது, எவ்வளவு ஓடியது, யார் அளந்தது, எங்கே பிழை, சரியான விடை என்ன. "அந்தப் பொண்ணுக்குத் தகுதி இருந்துச்சு. நான்தான் அனுப்பலை" என்று முடித்தார். முன்னூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரில் ஒருவர் கையும் அசையவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பதினைந்து. பள்ளி வாசலில் யாரும் இல்லை.

கோட்டைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தார்.

"நிஜமாவே ஓடப் போறியா? அவ வரலையேம்மா."

"அவ முடிஞ்சா வரேன்னுதான் சொன்னா. நான் ஓடறேன்னு சொல்லிட்டேன்."

நோட்டை ஒரு நாற்காலியில் வைத்து, மேலே ஸ்டாப் வாட்சை வைத்து, அதைப் பினிஷ் லைன் ஓரமாகப் போட்டார். கோட்டில் போய் நின்றார். தலைமை ஆசிரியர், ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று தையல்காரரின் காதில் கேட்டார். "டீச்சர் காதுல விழுந்துடப் போகுது, விசிலை ஊதி உங்களை வெளிய நிக்க வெச்சிடுவாங்க" என்றார் அவர். சிரிக்கத்தான் சொன்னார், கோட்டை மட்டும் கசக்கிக்கொண்டிருந்தார்.

நான்கு பதினெட்டுக்கு வாசல் பக்கம் காக்கித் துணி தெரிந்தது. வெட்டுக்கிளி வேக நடையாக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்துக் கட்டை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"ரெடியா டீச்சர்?"

"ஊது."

வெட்டுக்கிளி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

முதல் நூறு மீட்டர் பரவாயில்லை. வயதானவர் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இருநூறில் மூச்சு இரைத்தது. எதிர்ப்பக்க நேர்கோடு முடியும்போது வலது முட்டி தனியாகப் பேச ஆரம்பித்தது. உள்பக்கமாகத் தையல்காரர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். வாயைத் திறந்தார், டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கடைசி வளைவு வந்தது. உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. கால் செங்கல் பக்கம் இழுத்தது. அங்கேதான் தூரம் குறைவு. ஆனால் செங்கலை ஒட்டி எவராலும் ஓட முடியாது, கால் இடறும். அந்த முப்பது சென்டிமீட்டரை முப்பத்து மூன்று வருடம் கழித்து இப்போதுதான் தன் காலால் தெரிந்துகொண்டார். இதே இடத்தில், இதே வளைவில், வீங்கின கணுக்காலோடு ஒரு பிள்ளை ஓடி வந்திருக்கிறாள். இவர் கோட்டருகே நின்று நகரச் சொல்லிக் கத்தியிருக்கிறார்.

நடந்துவிடலாம் என்று தோன்றியது. யாரும் குறை சொல்லப் போவதில்லை. தோளை இறக்கினார். கையை வீசினார்.

கோட்டைத் தாண்டியதும் முட்டியில் கை ஊன்றிக் குனிந்தார். பந்தல் முழுக்க எழுந்து நின்றது. ஆனால் தடை தடைதான். ஒரு கைதட்டல் இல்லை. முன்னூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைமை ஆசிரியருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. மைக்கைப் பிடித்தார். "நம் டீச்சர் ஏறக்குறைய நாலு நிமிஷத்துல..."

"ஏறக்குறைய கிடையாது சார்!" என்று பந்தலே கத்தியது.

வெட்டுக்கிளி வாட்சைப் பார்த்தாள். "மூணு நிமிஷம், அம்பத்தாறு புள்ளி மூணு."

"கழி" என்றார் டீச்சர், நிமிராமலே.

"என்ன டீச்சர்?"

"எனக்கும் அதே டிராக்தான். அந்தக் கூடுதலைக் கழிச்சுட்டு எழுது."

வெட்டுக்கிளி நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டில் தன் பெயரும், அதன் பக்கத்தில் புது மையில் எழுதிய அறுபது புள்ளி இரண்டும், கையெழுத்தும், நேற்று முன்தினத் தேதியும் இருந்தன. அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு பையிலிருந்து பழைய டிரிப் ஷீட் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெருக்கி, வகுத்து, ஒரு தடவை அடித்து, மறுபடி போட்டாள். கணக்கில் அவள் எப்போதும் சுமார்தான். டீச்சர் பக்கத்தில் நின்று இரைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், உதவவில்லை.

"மூணு அம்பத்தஞ்சு புள்ளி ரெண்டு" என்றாள் கடைசியில்.

"மேல ஏத்திப் போட்டியா?"

"போட்டேன். அதானே விதி."

தன் பெயருக்குக் கீழே புள்ளி டீச்சர் என்று எழுதி, நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டாள். நோட்டின் அந்தப் பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்றார் டீச்சர்.

"என் பொண்ணுக்கு. விரலைக் காட்டறதுக்குப் பதிலா இதைக் காட்டறேன்." எழுந்து பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது போல் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க? தட்டலாம். இப்பத் தட்டலாம்."

பந்தல் அதிர்ந்தது. யாருக்கு என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. சிவப்புத் திரை மூடியே இருந்தது. "பிரமாதமான தையல். இன்னிக்கு அதையே பாத்துட்டுப் போங்க" என்று தையல்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புது டிராக்குக்கு அடுத்த வாரம் கோடு போடறாங்க. நான் நின்னு அளக்கப் போறேன், சம்பளம் இல்லாம. டேப்போட மறுமுனையைப் புடிக்க ஒரு ஆள் வேணும்" என்றார் டீச்சர்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு" என்றாள் வெட்டுக்கிளி. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தவள் திடுக்கிட்டாள். "ஐயோ, நாலு முப்பத்தொண்ணு!"

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே வாசலை நோக்கி ஓடத் தொடங்கினாள். முப்பத்தொன்பது வயதிலும் அதே தாவல்.

டீச்சரின் கை தானாக விசிலைத் தேடியது. கழுத்தில் இல்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கையை வீசு, வெட்டுக்கிளி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளை இறக்கினாள். கையை வீசினாள்.